யாழ்ப்பாணத்துக்கு உருக்குத் தகடு வந்த வரலாறு

வல்லிபுரத்தில் 1936ஆம் ஆண்டிற் கிடைத்த பொற்றகட்டைப் பற்றி நம் நாட்டறிஞர் எழுதிய கட்டுரைகளை ஒருங்கு சேர்ப்பின் அதுவே ஒரு நூலாகும். கையகலமும் இல்லாத அத்தகட்டிற் பொறித்த சில வரிகளைக் கொண்டு, அரசன் யார், ஆட்சி யாருடையது, மொழி யாது என்று வாதித்தோர் பலர். அவ்வாராய்ச்சியின் பெருமையைக் குறைத்தல் என் கருத்தன்று. எனினும், இக்குடாநாட்டு மக்களின் உழவுக்கும் தொழிலுக்கும் போக்குவரவுக்கும் நாளும் உதவிய வேறொரு தகடு உண்டு. அதில் எழுத்தில்லை, ஆகவே அதைப் பற்றி எழுதுவாரும் இலர். இரும்புத் தகடும் அதன் பின் வந்த உருக்குத் தகடும் எங்கிருந்து, எவ்வழியாக, யாருடைய தெரிவினால் யாழ்ப்பாணத்துக்கு வந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நிலத்தின் இயல்பை நோக்குவோம். குடாநாடு முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கற்பாறையின் மீது அமைந்தது. அப்பாறையைச் சுட்டாற் சுண்ணாம்பு கிடைக்கும், இரும்பு கிடையாது. வலிகாமத்துச் செம்மண்ணைக் காட்டி, “இதன் சிவப்பு இரும்பினால் வந்தது என்று விஞ்ஞான ஆசிரியர் கூறுகிறாரே, அப்படியாயின் இதை உருக்கலாகாதா?” என்று என் வகுப்பில் மாணவர் வினவுவதுண்டு. வினா நல்ல வினாவே. செம்மண்ணின் நிறம் இரும்பொட்சைட்டினால் வந்தது என்பது உண்மைதான். ஆனால் அது மண்ணிற் சிறு அளவிலே கலந்துள்ளதேயன்றி, உலையிலிட்டு உருக்கத்தக்க தாதுவாகத் திரண்டிருக்கவில்லை. அன்றியும், தாதுவை உருக்க மலைபோற் குவித்த மரக்கரி வேண்டும். காடில்லாத நாட்டில் அதற்கு எங்கே போவது? ஆகவே இக்குடாநாட்டிற் பயன்பட்ட ஒவ்வோர் இரும்புத் துண்டும், சிறியதோர் ஆணியாயினும், கடலாலோ வன்னி வழியாகவோ வெளியிலிருந்து வந்ததேயாகும்.

இதனால், இரும்பில்லாத நாட்டார் இரும்பை அறியாதவர் என்று முடிவு கட்டுதல் தவறு. 1980இல் ஆனைக்கோட்டையில் அகழ்ந்து கண்ட ஈமப் புதையலும், 1970இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் கந்தரோடையில் அகழ்ந்து கண்ட பண்டைக் குடியிருப்பும் பெருங்கற்காலப் பண்பாட்டைச் சார்ந்தன. அப்பண்பாட்டுக்கு இரும்பே இலக்கணம் என்பது தொல்லியல் பயின்றோர் அறிந்தது. தெல்லிப்பழைக்கு அணித்தாய்க் கொல்லங்கலட்டி என்றோர் ஊர் உண்டு. கலட்டி என்பது கல்லடர்ந்த நிலம். அதன் முன்னுள்ள சொல் யாரைக் குறிக்கும் என்று நான் விளக்க வேண்டுவதில்லை. தாது விளையாத நாட்டிலே இரும்பறிவு வேறொரு வகையாக வளர்ந்தது. உருக்கும் கலை இங்கு வளர வாய்ப்பில்லை. வந்த இரும்பைத் தெரிந்து கொள்ளும் கலையே வளர்ந்தது. எது நல்லது, எது ஆகாதது, எது கலப்பைக் கொழுவுக்கு ஏற்றது, எது அலவாங்கின் முனைக்கு ஏற்றது என்று கண்டறிவதிலேதான் எம் கொல்லர் தம் திறமையை நாட்டினர்.

தெரிந்து கொள்வதற்கு அண்மையில் நல்லிரும்பு இல்லாமற் போகவில்லை. கொங்கு நாட்டுக் கொடுமணலில் இரும்புலைகளோடு உருக்குச் செய்த உலைகளும் அகழ்வாராய்ச்சியில் வெளிப்பட்டன. நம் தீவின் தெற்கே, பலாங்கொடையை அடுத்த சமனலவாவிப் பகுதியில் ஜிலியன் ஜூலெவ் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர், மேற்கு நோக்கிய மலைவிளிம்புகளிலே வரிசை வரிசையாக அமைந்த உலைகளைக் கண்டு 1996இல் உலகுக்கு அறிவித்தார். அவ்வுலைகளுக்குத் துருத்தி தேவைப்படவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தியாயிற்று. கி. பி. ஏழாம் நூற்றாண்டு தொடங்கிப் பதினோராம் நூற்றாண்டு வரை அவை எரிந்தன என்பர். ஒன்பதாம் நூற்றாண்டினரான அல்கிந்தி என்னும் அரபு அறிஞர், வாள்களைப் பற்றி எழுதிய நூலிற் சரந்தீபத்து உருக்கைக் குறிப்பிடுகிறார். ஆயிரம் ஆண்டுகளின் பின், நம்மவரான ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிப்பொருளாய்வுத் துறைக்குத் தலைவராயிருந்த காலத்தில் அதே பலாங்கொடைப் பகுதியில் மண்குகையிலிட்டு உருக்குச் செய்யும் முறையை நேரிற் கண்டு, தம் 1908ஆம் ஆண்டு நூலிற் பதிந்தார். கலைப் புலவர் என்று மட்டும் அவரை அறிந்த நம் மாணவர், அவர் முதலில் நிலவியல் வல்லுநர் என்பதையும் அறிதல் நன்று.

இவ்வுருக்கே ‘வூட்ஸ்’ என்னும் பெயரால் மேனாட்டாரை வியப்பில் ஆழ்த்தியது. உருக்கு, உக்கு என்னும் தென்னாட்டுச் சொற்களின் திரிபே அப்பெயர் என்பது பலர் துணிபு. ஜோர்ஜ் பியர்சன் 1795இல் அதனை இலண்டன் வேத்தியற் கழகத்தின் முன் ஆராய்ந்தார். மைக்கல் பரடேயும் தம் இளமையில் அதன் இரகசியத்தை அறிய முயன்றார். நாம் இதனை எடுத்துக் கூறிப் பெருமை கொள்வது வழக்கம். நானும் கொள்கிறேன். ஆயின் வரலாறு எழுதுவோன் பெருமையோடு நின்றுவிடலாகாது. குகையில் விளைந்த உருக்குக் கட்டி ஒரு கையிலடங்கும் அளவினது. வாளுக்கும் உளிக்கும் அது போதும். தகட்டுக்குப் போதாது. தில்லியில் நிற்கும் இரும்புத் தூண் 6 தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையதாயினும், அது சிறுசிறு இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி ஒன்றோடொன்று அடித்து ஒட்டியதாகும். அவ்வாறு அடித்தே நாலடி அகலமும் எட்டடி நீளமும் எங்கும் ஒரே தடிப்பும் உள்ள தகடு செய்வதாயின் எத்தனை கொல்லர், எத்தனை நாள் வேண்டும் என்று எண்ணிப் பார்க்க. தரத்தில் நாம் தோற்கவில்லை. அளவிலும் விசையிலுமே தோற்றோம்.

இத்தோல்வியின் கதை முழுவதும் நமக்கு எதிர்க்கரையிலேயே ஒருமுறை நிகழ்ந்தது. கடலூருக்குத் தெற்கே வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்திற் பரங்கிப்பேட்டை உள்ளது. கிழக்கிந்தியக் கொம்பனியில் உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், சேலத்து மலைகளிற் காந்தத் தன்மையுள்ள சிறந்த இரும்புத் தாது மலிந்து கிடப்பதைக் கண்டு, 1830ஐ ஒட்டி அங்கே ஐரோப்பிய முறையிலான ஊதுலையை நிறுவினார். தாது சேலத்திலிருந்து வந்தது. நிலக்கரி இல்லாமையால் மரக்கரியே எரிபொருளாயிற்று. அங்கே விளைந்த வார்ப்பிரும்பு கப்பலேறி ஷெவீல்ட் நகரத்து உருக்காலைகளுக்குச் சென்றது. வேல்சு நாட்டு மெனாய் நீரிணைக்குக் குறுக்கே 1850இல் முடிந்த பிரித்தானியாப் பாலத்திற் பரங்கிப்பேட்டை இரும்பும் சேர்ந்தது என்று எழுதினோர் உளர். அப்பாலம் தகட்டின் வரலாற்றில் ஒரு மைல்கல். இரும்புத் தகடுகளைத் தறையாணியாற் பிணைத்து, புகைவண்டி உள்ளே புகுந்து செல்லத்தக்க பெருங்குழாயாகவே ரொபேட் ஸ்ரீபன்சன் அதனை அமைத்தார்.

பரங்கிப்பேட்டை ஆலை நிலைக்கவில்லை. காடுகள் அழிந்தன, கரியின் விலை ஏறியது, தாதுவைக் கொண்டுவரும் செலவு கூடியது, இங்கிலாந்தில் நிலக்கரியாற் செய்த மலிந்த இரும்பு சந்தையை மூடியது. கொம்பனி கைமாறியும் பயனின்றி அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அவிந்தது. ஆனால் ஹீத் என்பவர் வீணாய்ப் போகவில்லை. இங்கிலாந்து திரும்பிய அவர், உருக்கைக் காய்ச்சும்போது மங்கனீசு சேர்த்தால் அது சம்மட்டிக்கு இசையும் என்று கண்டு 1839இல் உரிமைப் பத்திரம் பெற்றார். ஷெவீல்ட் உற்பத்தியாளர் அவர் முறையைக் கையாண்டு செல்வரானார். அவரோ வழக்காடியே 1851இல் மாண்டார். இன்று எக்கடையில் எவ்வுருக்குத் தகட்டை வாங்கினும் அதில் மங்கனீசு உண்டு. சேலத்துத் தாதுவோடு மல்லாடிய ஒருவரின் அறிவு இவ்வாறு உலகத் தகடுகளிலெல்லாம் கலந்திருக்கிறது. நம் பாடநூல்களில் அவர் பெயர் இல்லை.

இனித் தகடு உருவாகும் முறைக்கு வருவோம். ஹென்றி கோட் என்பவர் 1783, 1784ஆம் ஆண்டுகளில் உருளைகளினிடையே இரும்பைச் செலுத்தி உருவாக்கும் முறைக்கு உரிமைப் பத்திரங்கள் பெற்றார். சம்மட்டி செய்த வேலையை உருளை செய்யத் தொடங்கியது. ஏறக்குறைய 1,200 பாகை வெப்பத்திற் பழுத்த உருக்குப் பாளத்தை இரு பேருருளைகளினிடையே பன்முறை செலுத்த, அது தடிப்புக் குறைந்து நீளும். உள்ளிருக்கும் மணிகள் நசுங்கி, அவ்வெப்பத்திலேயே புதிய சிறு மணிகளாகத் திரும்ப அமையும். இதுவே சூட்டுருட்டுத் தகடு. ஆறும்போது அதன் மேற் கருநீல நிறமான செதிளொன்று படியும். குளிரவைத்து மீண்டும் உருட்டிய மெல்லிய தகடு பளபளப்பாயிருக்கும், அது வேறினம்.

தொடக்கத்தில் இத்தகடுகள் தேனிரும்பினால் ஆயின. 1858இல் நீரிலிறக்கிய ‘கிரேற் ஈஸ்ரேண்’ என்னும் பெருங்கப்பலுக்கு 30,000 தேனிரும்புத் தகடுகளும் 30 இலட்சம் தறையாணிகளும் சென்றன. பெசமர் 1856இலும், சீமன்சு, மாட்டின் ஆகியோர் அடுத்த பத்தாண்டிலும் கண்ட முறைகளினால் உருக்கு மலிந்த பின்னரும், பிரித்தானிய வர்த்தகச் சபையார் 1877 வரை பாலங்களில் அதனை அனுமதிக்கவில்லை. ஒரு தகடு நன்றாயும் அடுத்த தகடு உடைவதாயும் இருந்தமையே அவர்கள் அச்சத்துக்குக் காரணம். திறந்த உலையில் ஆறுதலாகக் காய்ச்சிய சீமன்சு–மாட்டின் உருக்கு அவ்வச்சத்தை நீக்கியது. 50,000 தொன்னுக்கு மேல் அதனை உண்டு 1890இல் எழுந்ததே ஸ்கொத்லாந்தின் போர்த் பாலம். எதைத் தெரிவது என்பதே அக்காலத்துப் பெரும் பொறியியலாளர்க்கும் முதற் கேள்வியாயிருந்தது என்பதை ஈண்டு மனங்கொள்க.

உருக்கு யாழ்ப்பாணத்துக்குத் திரளாக வந்தது புகைவண்டிப் பாதையோடாகும். காங்கேசன்துறையிலிருந்து வண்டி 1902இல் ஓடத் தொடங்கியது. 1905இற் கொழும்போடு தொடர்பு பூர்த்தியாயிற்று. தண்டவாளம், பாலத்தின் விட்டம், நீர்த்தொட்டி, கொதிகலன் என்று நம் ஊரார் தடித்த உருக்கைத் தொட்டுப் பார்த்தது அப்போதேயாம். கப்பலோட்டிய வல்வெட்டித்துறையாரோ மரத்தை விடவில்லை. அவர்கள் கட்டிய ‘அன்னபூரணி’யை வாங்கிய அமெரிக்கர் அதனை 1938இல் மாசச்சூசெற்சு மாநிலத்துக் குளொஸ்ரர் துறைக்குக் கொண்டு சேர்த்தனர். உலகமெங்கும் உருக்குக் கப்பல் மலிந்த காலத்தில் இவர்கள் ஏன் மரத்தோடு நின்றனர் என்று கேட்பார்க்கு என் விடை இதுவே: வேம்பும் இலுப்பையும் தெரிந்தெடுக்க அவர்களுக்குத் தெரியும், தகட்டைத் தெரிந்தெடுக்கவும் வளைக்கவும் இங்கு ஆலையும் இல்லை, ஆளும் இல்லை. அறியாப் பொருளை நம்பி நடுக்கடலுக்குப் போவது துணிவாகாது.

ஆலையும் ஆளும் வந்தது 1950இற் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையோடு. சீமெந்துச் சூளை என்பது வேறன்று. தடித்த உருக்குத் தகட்டை வளைத்துப் பொருத்திய, சற்றே சரிந்து மெல்லச் சுழலும் நீண்ட உருளை. உள்ளே 1,450 பாகை வெப்பத்திற் சுண்ணக்கல்லும் களியும் வேகும். தகட்டைக் காப்பது அதன் உட்புறத்துச் செங்கல் அணி. செங்கல் ஓரிடத்தில் விழுமாயின் வெளித்தகடு அவ்விடத்திற் சிவக்கும். அதனைச் செப்பனிடும் பட்டறையில் நம் ஊர் இளைஞர் தகடு வெட்டவும் வளைக்கவும் ஒட்டவும் கற்றனர். என் தாய்மாமன் அவர்களுள் ஒருவர். கற்பாறையன்றி வேறில்லாத நாட்டிலே, அக்கற்பாறையே உருக்கறிவுக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தது.

தகடு வரும் வழியோ கடினமானது. இந்தியாவில் ரார்ரா ஆலை 1912இலே உருக்குக் காய்ச்சத் தொடங்கி, 1943இல் திறந்த ஹவ்றாப் பாலத்துக்கு வேண்டிய 26,500 தொன்னில் 23,000 தொன் அளித்தது. 1950களின் இறுதியில் ஜெர்மானியர் உதவியோடு எழுந்த ரூர்க்கேலா ஆலை தகட்டுக்கென்றே அமைந்தது. நம் தீவிலோ 1960களிற் சோவியத்து உதவியோடு ஒறுவளையில் உருக்குக் கூட்டுத்தாபனத்தின் ஆலை அமைந்தபோது, வெளிநாட்டுப் பாளத்தைக் கம்பியாகவும் கோலாகவும் உருட்டும் வசதியே செய்யப்பட்டது. வீடு கட்டக் கம்பி கிடைத்தது; தகடு பிறநாட்டுச் சரக்காகவே நின்றது. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அவ்வாண்டுகளில் அந்நியச் செலாவணிக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்குக் கொழும்பில் ஆள் வேண்டும். 1977இன் பின் கட்டுத் தளர்ந்தது. கொழும்பு இரும்புக் கடைகளிலிருந்து பார ஊர்தியிலும் புகைவண்டியிலும் தகடு வந்தது. அது நெடுநாள் நிலைக்கவில்லை.

1990இற் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது; அவ்வாண்டு ஆனியிற் புகைவண்டியும் நின்றது. வடக்கே செல்லலாகாத பொருள்களின் பட்டியலிற் சீமெந்தும் எரிபொருளும் மின்கலமும் இரும்பும் சேர்ந்தன. அப்போது நான் ஆரம்பப் பாடசாலை மாணவன். தொழிற்சாலையை இழந்த என் தாய்மாமன் வீட்டுக் கோடியில் ஒரு கொட்டில் போட்டுப் பட்டறை தொடங்கினார். இரும்பு எங்கிருந்து வந்தது? முன்னோர் காலத்தைப் போலவே, கிடைத்ததைத் தெரிந்து எடுப்பதே வழியாயிற்று. தண்டவாளங்கள் பாதையிலிருந்து பெயர்ந்து போர் அரண்களுக்கு விட்டமாயின. வீட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பனங்குற்றியோடு கூரையுமாயின. முறிந்த துண்டுகள் பட்டறைக்கு வந்தன. தகட்டுக்கு எண்ணெய்ப் பீப்பாயே கதி. அடியையும் மூடியையும் வெட்டிப் பக்கத்தை நிமிர்த்தினால் ஏறக்குறைய ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள மெல்லிய தகடு கிடைக்கும். அதிலிருந்து வாளி, தாச்சி, அடுப்பு, கதவு எல்லாம் பிறந்தன. வெற்றுப் பீப்பாயினுள் நிற்கும் எண்ணெய் ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகையால் மாமன் அதனை நீரால் நிரப்பி வழியவிட்ட பின்னரே உளி வைப்பார். நீரிறைப்பது என் வேலை.

தண்டவாளமும் பீப்பாயும் பார்வைக்கு இரும்பே; இயல்பினால் வேறு. தண்டவாள உருக்கில் நூற்றுக்கு 0.6 முதல் 0.8 வரை கரி உண்டு, வேலைத்தகட்டில் 0.25க்கு உட்பட்டதே. இவ்வெண்களை நான் பிற்காலத்திற் படித்தறிந்தேன். மாமன் சாணைக்கல்லிற் பிடித்தே அறிந்தார். மென்னுருக்கின் பொறி நீண்ட கோடாய்ப் பறந்து நுனியிற் சிறிது கிளைக்கும். தண்டவாளத்தின் பொறி மத்தாப்புப்போல் வெடித்துக் கிளைக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாய்ச் சிவந்து அவியும். உளிக்கும் அலவாங்கு முனைக்கும் தண்டவாளத்தை எடுப்பார். ஒட்டுவேலைக்கு அதனைத் தொடார்.

ஒருவர் அதனை ஒட்டித் தரும்படி வற்புறுத்தினார். உழவு இயந்திரப் பெட்டியின் இழுகோல் முறிந்துவிட்டது. தண்டவாளத் துண்டைவிட உறுதியானது எது என்பது அவர் வாதம். மாமன் மறுக்கவே, மண்ணெண்ணெயில் ஓடிய மின்பிறப்பாக்கி உள்ள வேறோரிடத்தில் ஒட்டுவித்தார். சில நாட்களுள் அது நெல்மூட்டையோடு நடுவீதியில் விட்டது. ஒட்டு விடவில்லை, ஒட்டுக்கு அருகே தண்டவாளம் கண்ணாடிபோல் முறிந்திருந்தது. “அவன் கோவக்காரன், தம்பி. சூட்டைக் காட்டிப்போட்டுச் சட்டெண்டு ஆறவிட்டா வெடிப்பான். முந்தியே சுடவைச்சு, சாம்பலுக்குள்ள மூடி ஆறவிட வேணும்” என்று மாமன் அம்முறிவைக் காட்டி எனக்கு விளக்கினார். கரி மிகுந்த உருக்கு விரைந்து ஆறும்போது வன்மையும் நொறுங்குதன்மையும் அடையும் என்று பொருளியல் நூல்கள் கூறுவதும் இதுவே.

இப்படிப்பட்ட பிழையை ஏழைப் பட்டறைக்காரர் மட்டும் செய்யவில்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர் 2,700க்கு மேற்பட்ட ‘லிபேட்டி’க் கப்பல்களைத் தறையாணி ஒழித்துத் தகடுகளை ஒட்டியே விரைந்து கட்டினர். பல கப்பல்களிற் பெருவெடிப்புத் தோன்றியது. அதே முறையிற் கட்டிய ‘ஸ்கெனெக்ரடி’ என்னும் எண்ணெய்க்கப்பல் 1943 சனவரி 16ஆந் திகதி, துறையில் அசையாது நின்றபோதே இரண்டாய்ப் பிளந்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த கொன்ஸ்ரன்ஸ் திப்பர் அம்மையார், ஒட்டினைவிட உருக்கின் தெரிவே குற்றமுடையது, குளிரில் அது நொறுங்கும் இயல்பினதாகிறது என்று காட்டினார். தறையாணியிட்ட கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். ஒட்டிய கப்பலிலோ ஓடிக்கொண்டே போகும். இன்று கப்பற் கட்டுத் தகடுகளுக்குக் குளிர்நிலைச் சோதனையும் தரவெழுத்தும் விதிக்கப்பட்டிருப்பது அப்பாடத்தின் பயனாம்.

1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்தார் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது மாமன் சாணைக்கல்லைச் சாக்கிற் கட்டி எடுத்தார்; பட்டடைக்கல்லை எடுக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது அது இருக்கவில்லை. யார் கொண்டுபோனார் என்று கேட்கும் காலமும் அதுவன்று.

2002இற் கண்டி வீதி திறந்த பின்பும், 2006இல் மூடி 2009இல் மீளத் திறந்த பின்பும், இரும்பு வெள்ளம்போல் வந்தது. சங்குப்பிட்டியில் 288 மீற்றர் நீளமான உருக்குப் பாலம் 2011இல் திறந்தது. புதிய தண்டவாளத்தின்மீது புகைவண்டி 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தையும், 2015 சனவரியிற் காங்கேசன்துறையையும் அடைந்தது. கடைதோறும் தகடு அடுக்கப்பட்டது. இல்லாமை நீங்கவே, தெரியும் பழக்கமும் நீங்கியது. வாங்குவோர் தடிப்பையும் விலையையும் கேட்பரேயன்றி வேறொன்றும் கேட்பதில்லை. ஆலையின் சோதனைச் சான்றிதழ் உண்டா, அதிற் குறித்த வார்ப்பிலக்கம் தகட்டில் அடித்த இலக்கத்தோடு ஒக்கிறதா என்று வினவுவாரை நான் கண்டிலேன்.

பிறரைக் குறை கூறுமுன் என் பிழையைக் கூறிவிடுகிறேன். நான் முன்னர் கற்பித்த ஒரு பாடசாலையில் நீர்த்தொட்டி அமைக்க 6 மில்லிமீற்றர்த் தகடு வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடையிலே அளவுகருவியை விளிம்பிற் பிடித்துப் பார்த்தேன், 6 காட்டியது. மகிழ்ந்து கையொப்பமிட்டேன். கத்திரி வெட்டிய விளிம்பிற் பிசிர் எழும்பித் தடிப்பை மிகுத்துக் காட்டும் என்பதை மறந்தேன். முதுமையிற் கட்டிலோடு கிடந்த மாமன் கேட்டது ஒரே கேள்விதான்: “நிறுத்தனியோ?” உருக்கு ஒரு கன சென்ரிமீற்றர் 7.85 கிராம். ஆகவே எட்டடிக்கு நாலடித் தகடு 6 மில்லிமீற்றர்த் தடிப்பாயின் 140 கிலோ நிறுக்கும். 5 மில்லிமீற்றராயின் 117 கிலோவுக்குச் சற்றுக் குறையும். நிறுத்துப் பார்த்தேன். 118. விற்றவரோ கையொப்பத்தைக் காட்டினார். விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி அளப்பதும் தராசில் ஏற்றுவதும் அன்று தொட்டு என் வழக்கம்.

மாமனிடம் கற்ற வேறு சிலவற்றையும் குறித்து வைக்கிறேன். தகட்டைத் தூக்கி நிறுத்திச் சுத்தியலால் இடம்விட்டு இடம் தட்டுக. மணியோசைக்கிடையே ஓரிடம் மட்டும் மந்தமாய் ஒலிக்குமாயின் உள்ளே படை பிரிந்திருக்கலாம். ஒரு கீலத்தை வெட்டிக் குளிர்ந்த நிலையில் மடித்துப் பார்க்க. வெளிவளைவில் வெடிப்புக் காணலாகாது. மரத்துக்கு நரம்பு உள்ளதுபோல் தகட்டுக்கும் உருட்டிய திசை உண்டு; மடிப்புக்கோடு அத்திசைக்குக் குறுக்கே அமைதல் வேண்டும், நெடுகே அமையுமாயின் வெடிக்கும். கருநீலச் செதிளை அழகென்று நம்பி அதன்மேல் வர்ணம் பூசுவது பெரும்பிழை. செதிள் வெடித்த இடத்தில் உப்பீரம் புகுந்து, சுற்றியுள்ள செதிளைவிட உருக்கையே முதலிற் குழிபறிக்கும். கடலுக்கு எட்டாத ஊர் இக்குடாநாட்டில் இல்லையாதலால் இது நமக்குச் சிறப்பாக உரியது. 1914இல் திறந்த பாம்பன் பாலத்தை நூறாண்டுக்கு மேல் ஓயாத வர்ணப்பூச்சே காத்தது. 2025 சித்திரையிற் பணிக்கு வந்த புதிய பாலத்தில், துருவேறா உருக்குக் கம்பியும் சிறப்பு வர்ணமும் இட்டனர். அக்காற்றேதான் நம் ஊர்காவற்றுறையிலும் வீசுகிறது.

2022இல் நாட்டின் செலாவணி வரண்டு ரூபாய் வீழ்ந்தபோது தகட்டின் விலை ஒரு சில மாதங்களிற் பன்மடங்காயிற்று. பழைய இரும்புக் கடைகளுக்கு மீண்டும் ஆட்கள் வந்தனர். பட்டறை இளைஞர் சிலர் என்னிடம், இரும்பைக் கண்டறியும் முறை பற்றி மாமன் ஏதாவது எழுதி வைத்தாரா என்று கேட்டனர். அவர் எழுதியதில்லை. சாணைக்கல் மட்டும் இருந்தது. அதனை ஒரு சனிக்கிழமை வகுப்பறைக்குப் பின்னாலுள்ள மாமரத்தின் கீழ்ப் பூட்டி, ஒரு தண்டவாளத் துண்டையும் பீப்பாய்த் தகட்டையும் உடைந்த வார்ப்பிரும்புக் குழாயையும் மாறிமாறிப் பிடித்துக் காட்டினேன். வெயிலிற் பொறி சரியாகத் தெரியவில்லை. மாணவர் சாக்கைப் பிடித்து நிழல் செய்தனர்.